கேபிள் சரியாகத்தான் இருந்தது

ஐயா,

உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. பத்திரிகை பாதி கொடுத்தாகிவிட்டது. மண்டபம் பேசியாகிவிட்டது. உன் அம்மா ரவிக்கை தைக்கக் கொடுத்து, தையல்காரியோடு இரண்டு முறை சண்டையும் போட்டாகிவிட்டது. இந்த நேரம் பார்த்து நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். உன் மாமனாராகப் போகிற மணியத்தின் வீட்டுக்குத் தனியாகப் போய், பதினேழு வருஷமாக அவரிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தேன். இனி உன் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று இந்த வரியை எழுதும்போது எனக்குத் தெரியாது. அவர் மகள் தர்ஷினி சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் என் கையெழுத்தில் படிக்க வேண்டும் என்றுதான் விடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். போனில் சொல்லலாம்தான். சொன்னால் நீ "என்னப்பா ஒளர்றீங்க" என்று குறுக்கே பாய்வாய், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நிற்கும். பாதியில் நிறுத்துவதில் உன் அப்பன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் படிக்கப் போகிறாய்.

நீ மருந்துக் கடையில் நிற்பவன். என் தொழிலைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம், வைஃபை வராவிட்டால் "அப்பா!" என்று கத்துவது மட்டும்தான். கொஞ்சம் பொறுமையாகப் படி. இது புரியாவிட்டால் நான் செய்தது என்ன என்பதும் புரியாது. ஒரு நெட்வொர்க் கேபிளின் தோலை உரித்தால் உள்ளே எட்டு மெல்லிய செப்புக் கம்பிகள் இருக்கும், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. ஒரு ஜோடியில் ஓடுகிற சிக்னல் பக்கத்து ஜோடியைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த முறுக்கு. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று வரிசையாக அடுக்கி, நுனியை நேராக நறுக்கி, விரல் நகம் அளவே உள்ள பிளாஸ்டிக் கனெக்டருக்குள் தள்ளி, கிரிம்பர் என்ற இடுக்கியால் ஓர் அமுக்கு அமுக்க வேண்டும். பிறகு இரண்டு முனையையும் டெஸ்டர் என்ற சின்னப் பெட்டியில் செருகினால் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரியும். எரிந்தால் கேபிள் சரி. இதில் நான் புலி. நான் அடித்த கனெக்டர் கழன்றுவிட்டது என்று பாசிர் கூடாங் ஊரில் ஒருவன் சொல்லட்டும் பார்க்கலாம். இந்தத் திமிர் அப்போதும் இருந்தது, இப்போதும் போக மாட்டேன் என்கிறது.

ஆனால் கேபிள் என்பது வெறும் பாதை. அதில் போகிற செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர முகவரி வேண்டும். நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு, ஐபி முகவரி என்போம். நான்கு எண்கள், நடுநடுவே புள்ளி. நான் வேலை செய்த தொழிற்சாலையில் முதல் மூன்றும் எல்லாக் கருவிக்கும் ஒன்றுதான், கடைசி எண் மட்டும் மாறும். நம் தாமானில் ஒரே ஜாலானில், ஒரே தெருவில் இருக்கிற வீடுகளுக்குக் கதவு எண் மாறுகிறதே, அந்த மாதிரி. ஒரே ஜாலானில் இரண்டு வீட்டுக் கதவிலும் நாற்பது என்று எழுதியிருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரு நாள் இங்கே போடுவார், இன்னொரு நாள் அங்கே போடுவார். வரவேண்டிய கடிதம் ஏன் வரவில்லை என்று இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியாது. வீடுகளில் இந்த எண்ணை மோடமே பிரித்துக் கொடுத்துவிடும். தொழிற்சாலையில் முக்கியமான கருவிகளுக்கு எண்ணைக் கையால் போட்டு, பட்டியலில் எழுதி வைப்போம். அந்தப் பட்டியல் என் பொறுப்பில் இருந்தது.

நீ அப்போது பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ரசாயனத் தொட்டிகள் இருந்த கட்டடத்தில் புதுக் கேமரா ஒன்று மாட்டினேன். அதற்கு ஓர் எண் வேண்டும். பட்டியலோ அந்தக் கோடியில் இருந்த ஆபீஸில் இருக்கிறது. கொளுத்துகிற வெயில், பசி வேறு. எங்கள் தொழிலில் ஒரு சுருக்குவழி உண்டு. ஒரு எண்ணைக் கணினியிலிருந்து கூப்பிட்டுப் பார்ப்போம், அதற்குப் பெயர் பிங். பதில் வந்தால் அந்த எண்ணில் ஆள் இருக்கிறது, வராவிட்டால் காலி. நாற்பதைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. எல்லா எண்ணும் எனக்கு மனப்பாடம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். நாற்பதைக் கேமராவுக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். பதில் வரவில்லை என்றால் ஆள் இல்லை என்று மட்டும் அர்த்தமில்லை, அந்த நேரத்தில் பேச முடியாமல் இருக்கிறான் என்றும் அர்த்தம் உண்டு. நாற்பது என்பது அதே கட்டடத்தில் இருந்த வாயுக்கசிவு எச்சரிக்கைப் பெட்டியின் எண். அன்று காலை அதைச் சர்வீஸுக்காக அணைத்து வைத்திருந்தார்கள். இரண்டு மணிக்குத் திரும்பப் போட்டார்கள்.

அதே இரண்டு மணிக்குத்தான் மணியம் கண்ட்ரோல் ரூமில் ஷிப்டுக்கு உட்கார்ந்தார். மூன்று மணியளவில் ஒரு குழாயில் கசிவு. அந்தக் கட்டடத்தில் சைரன் அடித்தது, ஆட்கள் ஓடித் தப்பினார்கள், இரண்டு பேருக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டியிருந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. சைரன் சத்தம் ஏர்கான் போட்டு மூடிய கண்ட்ரோல் ரூமுக்குள் கேட்காது. அங்கே திரையில் சிவப்பு வர வேண்டும், வந்தவுடன் மணியம் வால்வை மூட வேண்டும். அவர் மூடவில்லை. ஒருவர் ஓடிவந்து கதவைத் தட்டிய பிறகுதான் மூடினார். திரையில் ஒன்றும் வரவில்லை என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். உடனே சோதித்தார்கள். அப்போது பாதுகாப்புக்காக அந்தக் கட்டடத்துக்கு மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். கேமரா செத்துக் கிடந்தது, எச்சரிக்கைப் பெட்டி மட்டும் பேட்டரியில் ஓடியது. ஒரே நாற்பதுதான் உயிரோடு இருந்தது என்பதால் திரையில் எல்லாம் ஒழுங்காக வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "கேபிள் ஓகே கா?" என்றார். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. "ஓகே, என்சிக்" என்று மரியாதையாகச் சொன்னேன். கேபிள், கனெக்டர் இரண்டும் நன்றாக உள்ளன என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா, இதை மட்டும் நம்பு.

மறுநாள் காலை மின்சாரம் திரும்பி வந்தது. என் கணினியைத் திறந்தால், நாற்பது என்ற எண்ணில் இரண்டு கருவிகள் மாறி மாறிப் பதில் சொல்கின்றன. நடந்தது என்ன என்று அரை நிமிஷத்தில் புரிந்தது. பெட்டியைத் திரும்பப் போட்டதும் கொஞ்ச நேரம் சரியாக வந்திருக்கும். பிறகு கேமரா அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். திரை கடைசியாக வந்த அளவையே பச்சையாகக் காட்டிக்கொண்டு நின்றிருக்கும். மணியம் கண்ணை அகற்றாமல் பார்த்திருந்தாலும் அந்தப் பச்சையைத்தான் பார்த்திருப்பார். நான் எழுந்து மேனேஜர் அறைக்குப் போக வேண்டும். போகவில்லை. கேமராவுக்கு வேறு எண் போட்டேன், பட்டியலில் அதை எழுதினேன், ஒரு தேநீர் வாங்கிக் குடித்தேன். அடுத்த வாரம் விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். லைனில் ஏதாவது கோளாறா என்று கேட்டார்கள். கேபிள் சரியாக இருந்தது என்றேன். மணியம் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே, ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல" என்றார். நான் மேனேஜரைப் பார்த்து மறுபடியும் அதையே சொன்னேன். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர்கள் முகவரியைப் பற்றிக் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. வேலை நேரத்தில் தூங்கினார் என்று எழுதி அவரை அனுப்பிவிட்டார்கள்.

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னால் நீ பாதியாவது மன்னிப்பாய். அதனால்தான் அதை முதலில் சொல்ல மனம் வரவில்லை. பயம் இருந்தது, ஆனால் அது இரண்டாவது. பட்டியலைப் பார்க்காமல் எண் போட்ட மடையன் என்று நாலு பேர் சிரிப்பார்களே, அதுதான் முதலில் நின்றது. ஒரு மனுஷன் சோற்றில் மண் விழுந்தபோது நான் என் பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கேட்டில் நின்றதைப் பார்த்து, காரில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியில் கடையில் தே தாரேக் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்து, "வேற வேலை கெடைக்கும்லா, கவலைப்படாதீங்க" என்றேன். கிடைக்கவில்லை. எந்தக் கண்ட்ரோல் ரூமுக்கு மனு போட்டாலும் பழைய வேலை ஏன் போனது என்று கேட்டார்கள். கடைசியில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார் என்று காதில் விழுந்தது. அதற்குமேல் விசாரிக்காமல் இருந்துகொண்டேன்.

அந்த விசாரணைக்குப் பிறகு அதே வருஷம் நடந்த இன்னொன்றும் உனக்கு நினைவிருக்கும். பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளின் கண்ணாடி உடைந்தது. "பந்த எத்துனியா?" என்று கேட்டேன். "இல்லப்பா" என்றாய். பிறகு பார்த்தால் நீ கையால் எறிந்திருக்கிறாய். காலால் எத்தவில்லை, எறிந்தாய், ஆகவே நீ பொய் சொல்லவில்லை என்று உன் கட்சி. பாதி உண்மை முழுப் பொய்யைவிட மோசம் என்று கத்தி, ரோத்தான் பிரம்பை எடுத்து உன் கெண்டைக்காலில் மூன்று போடு போட்டேன். மூன்றாவது அடி உனக்கு விழவேண்டியது இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். அன்றைக்கு நீ என்னை ஏன் அவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டு நின்றாய் என்று உன் அம்மா கேட்டாள். திமிர் என்றேன். பையன் யாரைப் போல என்று அவள் சிரித்தாள்.

போன வருஷம் நீ தர்ஷினியைப் பற்றிச் சொன்னபோது பெயரும் படிப்பும்தான் சொன்னாய். உலு திராமில் அவர்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்குகிறேன், கேட்டைத் திறந்தவர் மணியம். அவர் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இவருதான் நான் சொல்லுவேனே, அன்னிக்கு என்னையக் கார்ல ஏத்திட்டு வந்த அண்ணன்!" என்று மனைவியிடம் சொன்னார். "அந்தக் கம்பெனியில என்கிட்ட மொகம் குடுத்துப் பேசின ஒரே ஆளு." நீ எவ்வளவு பூரித்துப்போய் நின்றாய் என்பது எனக்குத் தெரியும். கடவுளே நமக்குப் போட்ட முடிச்சு என்று நீ அன்று காரில் சொன்னாய். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

அதோடு போயிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டே செத்திருப்பேன் என்று நினைக்கிறேன். போன மாதம் அவர்கள் வீட்டில் விருந்து முடிந்து எல்லோரும் பாயில் சாய்ந்தபோது, மணியம் மட்டும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பத்து நிமிஷத்தில் மறுபடி போய்க் கழுவினார். நீ அப்போது தர்ஷினியோடு வெளியே நின்றுகொண்டிருந்தாய், கவனித்திருக்க மாட்டாய். "லீவு நாள்லகூட மத்தியானம் படுக்க மாட்டாரு சம்பந்தி" என்று அவர் மனைவி சிரித்தார். "தூங்குமூஞ்சின்னு பேரு வாங்கினாரில்ல, அந்தப் பயம்." மணியமும் சிரித்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "அண்ணே, ரொம்ப வருஷம் நான் தூங்கலன்னுதான் நெனச்சேன். இப்ப யோசிச்சா, கண்ணசந்துட்டேன் போலத்தான் இருக்கு. நீங்கதான் கேபிள நல்லா பாத்தீங்களே, வேற என்ன இருக்க முடியும்?" வேலை போனதைக்கூட ஒரு கணக்கில் வைக்கலாம் ஐயா. தான் விழித்திருந்த ஒரு மத்தியானத்தை, தூங்கினேன் என்று ஒரு மனுஷன் தானே நம்ப ஆரம்பித்துவிட்டான். அதைச் செய்தது நான்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுக்கும் அதுவரை தெரியாது. கேட்டுவிட்டு, "பதினேழு வருஷம் பொறுத்தீங்கல்ல, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க முடியாதா? அந்தப் புள்ள கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் போயி சொல்லுங்க" என்றாள். நான் உண்மையிலேயே ஆசைப்பட்டேன். ஆனால் தாலி ஏறிய பிறகு சொன்னால், மகள் வாழ்க்கைக்காக அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னை மன்னித்தே ஆக வேண்டும். முதலில் வேலையைப் பறித்தேன், பிறகு கோபப்படுகிற உரிமையையும் பறித்ததாக ஆகும். உன் அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. உன் கல்யாணத்தைப் பணயம் வைத்து நான் என் மனப்பாரத்தை இறக்குகிறேன் என்கிறாள். அது பொய் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. உன்னைக் கேட்காமல் போனேன், அது தப்பு. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய், நானும் சாக்குக் கிடைத்தது என்று இருந்துவிடுவேன்.

நீயும் ஒரு நாள் தப்பான மருந்தை எடுத்துக் கொடுப்பாய். கை இருந்தால் தவறும். அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல். கேட்ட கேள்விக்கு மட்டும் சரியான பதிலைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள ஓர் இடம் உனக்கு எப்போதும் கிடைக்கும், படித்தவனுக்கு இன்னும் நிறையக் கிடைக்கும். அங்கே போய் ஒளியாதே. அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வார்னிங் லெட்டரோடு போயிருக்கும். இன்றைக்கு அந்தத் தொழிற்சாலை கைமாறிவிட்டது, மேனேஜர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

நேற்று நான் போனபோது மணியம் கல்யாணத்துக்காக வீட்டு முன்பக்கக் கம்பிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். தர்ஷினி வேலைக்குப் போயிருந்தாள். உட்கார்ந்தோம். "கேபிள்ல தப்பில்ல மணியம்" என்று பழைய பாட்டிலிருந்தே ஆரம்பித்தேன். "அதான் தெரியுமேண்ணே" என்றார். பிறகு முகவரியைச் சொன்னேன். பட்டியலைப் பார்க்காததைச் சொன்னேன், மறுநாள் கண்டுபிடித்ததைச் சொன்னேன், விசாரணையில் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன். கையில் பிரஷ்ஷை வைத்தபடியே கேட்டார். பெயிண்ட் அவர் கால்மேல் சொட்டியது, அவர் பார்க்கவில்லை.

"பொட்டிய எப்ப திரும்ப ஆன் பண்ணாங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு மணிக்கு."

"நான் ரெண்டு மணிக்குத்தானே ஒக்காந்தேன்."

"ஆமா மணியம்."

"அப்ப ஸ்கிரீன் பச்சையாத்தான் இருந்திருக்கும்."

"பச்சையாத்தான் இருந்திருக்கும். நீங்க என்ன பண்ணியிருந்தாலும் அது மாறியிருக்காது."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா தேநீர்த் தட்டோடு வந்தார். "அத வச்சிட்டு ஒக்காரு. அண்ணன் ஒண்ணு சொல்றாரு, நீ கேக்கணும்" என்றார் மணியம். பிறகு என்னைப் பார்த்து, "மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த அம்மாவுக்கு நெட்வொர்க் தெரியாது, ஒவ்வொன்றையும் விளக்கி, நான் செய்ததை நானே கூறு போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கணவரையே பார்த்தார். "நீங்க நூறு தடவ சொன்னீங்க. நான் நம்பல. புள்ளைங்க முன்னாடியே ஒங்களத் தூங்குமூஞ்சின்னு சொன்னேன்" என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மணியம் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாது, எழவும் முடியவில்லை. எங்கே வந்து யாரிடம் சொல்லச் சொன்னாலும் வந்து சொல்கிறேன் என்றேன். "கல்யாணத்தப் பத்தி இப்ப ஒண்ணும் கேக்காதீங்க" என்று அந்த அம்மா சொன்னார். அவர்கள் யாரும் கேட் வரைக்கும் வரவில்லை.

நீ என்மேல் கோபப்படு, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. கல்யாணத்துக்கு நான் வரக் கூடாது என்று அவர்கள் சொன்னால், வராமல் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், அதற்காக அவர்களோடு மல்லுக்கு நிற்காதே. இன்றைக்குக் கடையை முடித்துவிட்டு நேரே அங்கே போ. எனக்காக ஒரு வார்த்தை பேசாதே, "அப்பா நல்லவருதான்" என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதே. தர்ஷினியும் அவள் தம்பியும் தூங்குமூஞ்சி என்ற அந்தப் பெயரைக் கேட்டே வளர்ந்தவர்கள். அவர்கள் முன்னால் உட்கார்ந்து சொல்கிற வாய்ப்பு இனி எனக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ. நீ சொல். அன்று மத்தியானம் அவர்களுடைய அப்பா தூங்கவில்லை என்று சொல்.

அப்பா